மச்சானுக்குக் கொடுக்க வந்த வண்டி

சர்வீஸ் கவுன்ட்டரில் புதிதாக உட்கார்ந்திருக்கிற உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். பழைய வண்டியைக் கொண்டுவந்து "வாங்கலாமான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் அதை மனதுக்குள் ஏற்கெனவே வாங்கி முடித்திருப்பார்கள். எந்தக் கோயிலில் பூஜை போடுவது, பின்கண்ணாடியில் யார் பெயரை எழுதுவது என்பது வரைக்கும் முடிவாகியிருக்கும். உங்கள் வாயிலிருந்து ஒரு "ஆமாம்" வந்தால் போதும் அவர்களுக்கு. அதைச் சொல்வது சுலபம். அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாகப் போவார்கள்.

தருமபுரியில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் ரிசப்ஷனிஸ்டாகச் சேர்ந்து, சர்வீஸ் அட்வைசராகப் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். சேரும்போது கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாது. வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பிறரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஆனால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற குடும்பத்தைப் பார்த்து ஒரு விஷயத்தை எப்போது சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்பதை யாரும் கற்றுத் தரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. வண்டியை ஓட்டி வந்தவர் வெங்கடேசன். பென்னாகரத்தில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவருடைய கடை வண்டிகள் எல்லாம் எங்களிடம்தான் சர்வீஸுக்கு வரும், இந்தக் கார் மட்டும் அதுவரை வந்ததில்லை. அவரோடு மனைவி கோகிலா. பின்னாலேயே ஒரு வாடகைக் காரில் கோகிலாவின் அண்ணன் முனிரத்தினமும் அவர்களுடைய அம்மாவும் வந்து இறங்கினார்கள். முனிரத்தினம் மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். கையில் ஒரு பை. அதில் மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம்.

விஷயம் இதுதான். வெங்கடேசன் புது வண்டி புக் பண்ணியிருக்கிறார். பழைய காரைப் பாலக்கோட்டுப் பக்கத்து புரோக்கர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது தெரிந்ததும் முனிரத்தினம், வெளி ஆளுக்கு ஏன் போக வேண்டும், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வண்டியைச் செக் பண்ணச் சொன்னதுகூட அவர் இல்லை, வெங்கடேசன்தான். மச்சானுக்குக் கொடுக்கிற வண்டி, ஒரு சர்வீஸ் போட்டு, ஆள் வைத்துப் பார்த்துக் கொடுத்தால் கௌரவமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"மாப்ள வண்டிங்க மேடம். தெரியாத ஆளு வண்டியா என்ன?" என்றார் முனிரத்தினம். "சும்மா ஒரு கண்ணு பாத்துட்டு உட்டுடுங்க. பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும். அதுக்குள்ள கோயிலுக்குப் போவணும்."

யார் என்ன வண்டி கொண்டுவந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டேன்.

"எதுக்குங்க வண்டி?"

"அம்மாவுக்குத்தாங்க. கிட்னி ரெண்டும் போச்சு. வாரத்துல மூணு நாளு டயாலிசிஸ், இங்க தர்மபுரியில. வரும்போது பஸ்ஸுல எப்படியோ வந்துடறாங்க. திரும்பறப்ப நிக்கவே முடியலிங்க. வாடகை வண்டிக்காரன் வேற சவாரி கெடச்சா போன எடுக்க மாட்டேங்கறான்."

அவருடைய அம்மா அதற்குள் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை டைல்ஸ் மேல் வைத்திருந்தார். தரை குளிர்ச்சியாக இருந்தது போலிருக்கிறது.

இந்தக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். குடும்பத்துக்குக் கார் வாங்குகிறவர் நிறம் சொல்வார், மாடல் சொல்வார், மைலேஜ் சொல்வார். அந்த வண்டி வாரம் முழுக்க என்ன வேலை செய்யப் போகிறது என்று கேட்டால்தான் உண்மையான வண்டி எது என்று தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை திருப்பதி போவதற்காக ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்கி, மற்ற நாளெல்லாம் ஒரே ஆளாகச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும். டயர் தேய்வதும் டீசல் கரைவதும்தான் மிச்சம்.

வண்டியை உள்ளே எடுத்தோம். எங்கள் ஃபோர்மேன் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினார். அருமையான இன்ஜின். சத்தமே இல்லை. ஆயில் சுத்தமாக இருந்தது, கியர் வெண்ணெயாக விழுந்தது. வெங்கடேசன் வண்டியை நன்றாக வைத்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த முனிரத்தினம், கையைத் தூக்கி "ஓகேவா?" என்று சைகை காட்டிச் சிரித்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த சர்வீஸ் மேனேஜர் ஒருவர் எனக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, எதிரே எரிகிற விளக்குகளைப் பார்க்க வேண்டும். அப்போது பக்கத்தில் யார் பேசினாலும் அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு விளக்கும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். அணையாமல் எரிகிற விளக்கை எல்லோரும் கவனிப்பார்கள், எரியாத விளக்கை எவரும் கவனிப்பதில்லை என்பார் அவர்.

அப்படித்தான் அன்றும் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஆயில், பேட்டரி, பிரேக் எல்லாம் வந்தன, போயின. ஏர்பேக் விளக்கு வரவே இல்லை. இன்னொரு தடவை திருப்பினேன். வரவில்லை.

ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். அவர் கோளாறு காட்டும் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். மற்ற எல்லாம் பேசின. ஏர்பேக் யூனிட் மட்டும் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் முன்பக்கச் சட்டத்தை விரலால் தடவினார். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக, சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். இங்கே கையால் வைத்த வெல்டிங் மேடு மேடாக இருந்தது. மேலே அதே சாம்பல் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள்.

"பலமா அடி வாங்கின வண்டிங்க. சட்டத்த வெட்டி ஒட்டியிருக்காங்க" என்றார். "ஏர்பேக் வெடிச்சிருக்கும். மறுபடி போட்டாங்களான்னு ஸ்டீயரிங்கப் பிரிச்சாத்தான் தெரியும்."

மேனேஜரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது.

"நம்மகிட்ட கேட்டது இன்ஜின், கியர், பிரேக். மூணும் சரியா இருக்குது. முன்னாடி ரிப்பேர் பண்ணின வண்டின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. மச்சான், மாப்பிள்ளைக்குள்ள கைமாறுற வண்டி. நாம உள்ள பூந்து ஏதாவது சொல்லி, நாளைக்கு அந்த வூட்ல சண்டைன்னா நம்ம பேருதான் அடிபடும். அவரு நமக்கு ரெகுலர் கஸ்டமர் வேற."

"ஏர்பேக் இல்லாம இருந்தா?"

"இருக்குதா இல்லையான்னு நமக்கு இன்னும் தெரியாதே."

அந்த வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. தெரியாது என்றால் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ள ஸ்டீயரிங்கைப் பிரிக்க வேண்டும். பிரிக்க ஓனரின் அனுமதி வேண்டும். ஓனர் அந்த நேரத்தில் வெங்கடேசன். ஆக, முதலில் பேச வேண்டிய ஆள் அவர்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பணம் கொடுக்கப் போகிறவர் முனிரத்தினம், ஆபத்து அவருடைய அம்மாவுக்கு, எனவே அவரிடம்தான் முதலில் ஓட வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவரிடம் முதலில் சொல்லியிருந்தால், வெங்கடேசன் ஹாலில் எல்லோர் முன்னாலும் குற்றவாளியாக நின்றிருப்பார். அவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பதே எனக்குத் தெரியாத நேரத்தில்.

அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டேன். வாயால் எதையும் விளக்கவில்லை. சாவியைத் திருப்பி விளக்குகளைக் காட்டினேன். பிறகு வெல்டிங்கில் அவருடைய விரலையே வைக்கச் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. "இன்னா சொல்ல வர்றீங்க? நான் எங்க மச்சான ஏமாத்தறன்னா?"

"உங்கள யாரோ ஏமாத்தியிருக்கலாம்னு நினைக்கிறேன். பிரிச்சுப் பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். நீங்க சரின்னா பிரிக்கிறோம்."

"டாக்டர் வண்டிங்க இது. ஒரே ஓனர். ஓசூர்ல எடுத்தேன். ரெண்டு வருசமா ஓட்டறேன், ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல."

எல்லா புரோக்கரும் சொல்வது டாக்டர் வண்டி என்றுதான். இந்த மாவட்டத்தில் அத்தனை டாக்டர்கள் கிடையாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வெல்டிங்கை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். "பிரிங்க" என்றார்.

ஃபோர்மேன் பேட்டரி ஒயரைக் கழற்றி, காத்திருந்து, ஸ்டீயரிங்கின் நடு மூடியை எடுத்தார். உள்ளே பை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அழுத்தினால் மூடி உள்ளே போகாமல் இருக்க, ஒரு ஸ்பாஞ்ச் துண்டைத் திணித்திருந்தார்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரி, மஞ்சள் நிறம். பக்கத்து சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டிலும் அதே கதை. வெடித்த இடத்தை ஒட்டி மேலே புது உறை போர்த்தியிருந்தார்கள்.

வெங்கடேசன் அந்த ஸ்பாஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"இத மச்சானுக்குச் சொல்லித்தான் ஆவணுமா?"

"ஆமாங்க."

"நான் சொல்லிக்கறேன். கொஞ்சம் நேரம் குடுங்க."

சரி என்றேன். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதில் ஒரு கண்ணி இருந்தது, அதைப் பிறகுதான் பார்த்தேன்.

அவர் வெளியே போய், டயர் அடுக்கி வைத்திருக்கும் மூலையில் மனைவியைக் கூப்பிட்டுப் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கோகிலா வாயைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. பிறகு கோகிலா நேராக ஹாலுக்கு நடந்து, அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"அண்ணா, இந்த வண்டி வேணாம்."

முனிரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"வேணாம்னா வேணாம். வேற பாத்துக்கலாம்."

"இன்னா ஆச்சு திடீர்னு? காலையில வரைக்கும் நல்லாத்தான இருந்திங்க?"

கோகிலா புருஷனைப் பார்த்தார். வெங்கடேசன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கணவனின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும், அண்ணனையும் காப்பாற்ற வேண்டும். அதற்காகக் காரணத்தைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னார் கோகிலா. ஆனால் காரணம் இல்லாத இடத்தை மனிதர்கள் காலியாக விடமாட்டார்கள். தங்களுக்குத் தெரிந்த எதையாவது போட்டு நிரப்பிவிடுவார்கள்.

"புரோக்கர் சேத்துத் தர்றேன்னுட்டானா?" என்றார் முனிரத்தினம். குரல் உயர்ந்துவிட்டது. "சொல்லு கோகிலா. அவன் கூடப் போட்டுத் தர்றான், அதான? அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? அம்மாவ இப்படி இழுத்துக்கிட்டு வந்து, மாலையும் கையுமா உக்கார வெச்சு..."

"மச்சான், அப்படியில்லிங்க..."

"வேற எப்படிங்க மாப்ள? நீங்களே சொல்லுங்க."

மற்ற கஸ்டமர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போனால், ஏர்பேக்கைப் பற்றிச் சொன்னாலும் அதைச் சாக்கு என்றுதான் முனிரத்தினம் நினைப்பார். அந்த எல்லைக்கு முன்னால் யாராவது பேசியாக வேண்டும். பேசக்கூடியவள் நான் ஒருத்திதான்.

"நான் சொல்லலாங்களா?" என்று வெங்கடேசனிடம் கேட்டேன். முனிரத்தினத்திடம் கேட்கவில்லை. வெங்கடேசன் தலையசைத்தார்.

"அண்ணே, புரோக்கர் விஷயம் இதுல இல்லிங்க. இந்த வண்டி முன்னாடி பெரிய ஆக்ஸிடென்ட்ல மாட்டின வண்டி. அது எங்களுக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. உங்க மாப்பிள்ளைக்கும் இப்பத்தான் தெரியும். ஸ்டீயரிங்ல ஏர்பேக் கிடையாது. முன்சீட்டுக்கும் கிடையாது. பிரிச்சு வெச்சிருக்கு, வந்து பாருங்க. பிரிக்கச் சொன்னதே அவருதான்."

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே சேர்த்தேன். அது உண்மை. அந்த நேரத்தில் அந்தக் குடும்பத்துக்கு மிகவும் தேவைப்பட்ட உண்மையும் அதுதான்.

முனிரத்தினம் எழுந்து போய்ப் பார்த்தார். திரும்பி வரும்போது அவரிடம் கோபம் இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி மாலைப் பையைக் கை மாற்றிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த அம்மா, மகளைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப உம் புள்ளைங்க ரெண்டு வருசமா அதுலதான போச்சுங்க?"

கோகிலா காரைத் திரும்பிப் பார்த்தார். "சின்னவன் முன்சீட்டுக்குத்தான் அடம் பண்ணுவான்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

சரி பண்ண முடியுமா என்று வெங்கடேசன் கேட்டார். எதையும் மறைக்காமல் சொன்னேன்: ஏர்பேக் இரண்டும், யூனிட்டும், ஒயரிங்கும் புதிதாகப் போடலாம். ஆனால் வெட்டி ஒட்டிய சட்டம் அடி வாங்கினால் எப்படி மடங்கும் என்று எங்களால் உத்தரவாதம் தர முடியாது. சட்டம் ஒழுங்காக மடங்கினால்தான் ஏர்பேக் நேரத்துக்கு விரியும். செலவு செய்தபிறகும் இதில் குழந்தைகளை உட்கார வைக்க நான் சொல்லமாட்டேன்.

அவர் வெளியே போய் யாருக்கோ போன் பண்ணினார். கொஞ்ச நேரத்தில் பைக்கில் ஒருவர் வந்து இறங்கினார். அந்தப் பாலக்கோட்டு புரோக்கர். ஒரு மனிதன் ஏமாந்தது தெரிந்த உடனே, அந்த நஷ்டத்தை அடுத்தவர் கைக்கு மாற்றிவிடத் துடிப்பது இயல்புதான். வெங்கடேசனை நான் குறை சொல்லவில்லை. புது வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தார், பழையதை விற்கிற காசில்தான் மீதியைக் கட்டுவதாக இருந்தார்.

புரோக்கரிடம் நான் சொன்னேன்: "முன்னாடி ஆக்ஸிடென்ட் வண்டிங்க. ஏர்பேக் இல்ல. யாரு கேட்டாலும் எங்க ரிப்போர்ட்ல அதுதான் இருக்கும்."

"அதெல்லாம் தெரியும் மேடம்" என்றார் அவர், சாதாரணமாக. "இந்த வண்டிய ரெண்டு வருசம் முன்னயே ஓசூர்ல பாத்திருக்கேன். நான் பாத்துக்கறேன் உடுங்க."

பக்கத்தில் நின்றிருந்த கோகிலா திரும்பினார்.

"தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"வியாபாரந்தானம்மா."

"யாருக்கு விப்பீங்க?"

"எவ்வளவோ பேரு இருக்காங்க. புதுசா கல்யாணம் ஆனவங்க, பஸ்ஸுக்கு நிக்க முடியாதவங்க, கைக்கொழந்தைக்காரங்க. கம்மி ரேட்டுல கார் வேணும்னு தெனமும் போன்தான்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தன் தொழில் எவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கிறது என்ற பெருமையில்தான் சொன்னார்.

கோகிலா காரிடம் போனார். முன்பக்கக் கதவைத் திறந்து, இடது சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. எதையோ எடுக்க உள்ளே போயிருக்கிறார் என்று நினைத்தோம். வெங்கடேசன் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"எறங்கு. அவரு வண்டியப் பாக்கணும்."

"எறங்க மாட்டேன்."

"இன்னா இது, எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். எம் புள்ள உக்காந்த எடம் இது. அடுத்து எந்த வூட்டுப் புள்ள வந்து உக்காரப் போவுதோ. எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. தெரிஞ்ச பொறவு எப்படிக் குடுக்கறது?"

"அப்ப காசு? புது வண்டி?"

"வேணாம். சின்னதா எடுக்கலாம். இல்லாட்டி பஸ்ஸுல போலாம். பென்னாகரத்துல பஸ்ஸுக்கா பஞ்சம்?"

வெங்கடேசன் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் சொல்லவில்லை. வண்டியில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் நம் வேலை. அதை வைத்து என்ன செய்வது என்பது அவர்களுடைய பாடு. அந்தக் கோட்டைத் தாண்டிப் போனால் நாளைக்கு நீங்கள் சொல்கிற உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

முனிரத்தினம்தான் நடந்து வந்தார். சற்று முன் சந்தேகப்பட்டுக் கத்திய மனிதர். தங்கை உட்கார்ந்திருந்த கண்ணாடி ஓரமாக நின்று, புரோக்கரைப் பார்த்து, "நீங்க கெளம்புங்கண்ணா. விக்கறதா இல்ல" என்றார்.

"சொல்ல வேண்டியது ஓனர்" என்றார் புரோக்கர்.

எல்லோரும் வெங்கடேசனைப் பார்த்தோம். புரோக்கருக்குக் கொடுக்க எடுத்து வந்த சாவி அவர் கையில் இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கெளம்புங்க" என்றார்.

அந்த வண்டியின் பதிவை ரத்து செய்து, பிரிப்பதற்குக் கொடுத்தார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் டயரும் விலைக்குப் போயின. உடலை நசுக்கிவிட்டார்கள். வெங்கடேசன் புக் பண்ணியிருந்த வண்டியை மாற்றிச் சின்னதாக ஒன்று எடுத்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்தது, மறைக்கவும் இல்லை. மச்சானும் மாப்பிள்ளையும் கொஞ்ச நாள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள் என்று கோகிலா பிறகு சொன்னார்.

முனிரத்தினத்துக்கு வண்டி பார்க்க நானும் இரண்டு இடத்துக்குப் போனேன். அப்போது செய்ததை உங்களுக்குச் சொல்கிறேன், பயன்படும். எந்த வண்டியையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், அவருடைய அம்மாவை ஏறி இறங்கச் சொன்னேன். பளபளப்பான ஒரு காரில் உட்காரக் குனிந்தவர் பாதியில் நின்றுவிட்டார். சீட் அவ்வளவு தாழ்வு. இன்னொன்றில் கதவு அகலமாகத் திறக்கவில்லை. கடைசியில் உயரமான கூரையும், நாற்காலி உயரத்தில் சீட்டும் உள்ள பழைய சின்னக் கார் ஒன்றில் புடவையைக்கூடத் தூக்காமல் உட்கார்ந்தார். சீட்டைச் சாய்த்துப் பார்த்தார். "இது போதும்" என்றார். மகனுக்கு அந்தக் காரின் நிறம் பிடிக்கவில்லை.

இன்ஜின் ஆறியிருக்கும்போது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் போய்ப் பார்த்தோம். வாங்க வருகிறீர்கள் என்று தெரிந்து முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பாதிக் கோளாறு மறைந்துவிடும். நல்ல ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல், அந்த வண்டி தினம் போகப் போகிற மாரண்டஹள்ளி ரோட்டிலேயே, ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏற்றி இறக்கி ஓட்டினோம். கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள் என்று முனிரத்தினத்திடம் சொன்னேன். பழைய வண்டி வாங்கிய கையோடு டயரும் பேட்டரியும் பிரேக் ஆயிலும் ஏதாவது கேட்கும். கேட்கும்போது இல்லை என்று தள்ளிப் போடுகிற வண்டிதான் நடுரோட்டில் நிற்கும். டயாலிசிஸுக்குப் போகிற வண்டி நடுரோட்டில் நிற்கக் கூடாது.

நம் தொழிலில் கோளாறு கண்டுபிடிப்பது பழகப் பழக வந்துவிடும், ஸ்கேனரும் இருக்கிறது. கண்டுபிடித்த பிறகு வருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் கஷ்டம். அதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை. அன்றைக்கு வெங்கடேசனுக்கு நேரம் கொடுத்தது சரி. ஆனால் அந்த நேரத்தில் நான் பக்கத்தில் நிற்காமல் தள்ளி நின்றதால்தான் சத்தம் வரைக்கும் போனது. அடுத்த முறை என்றால், நேரம் கொடுத்துவிட்டுக் கூடவே நடந்திருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஓய்வு பெறுகிற வாரம், அந்தச் சின்னக் கார் காற்று பிடிக்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. முன்சீட்டில் முனிரத்தினத்தின் அம்மா. டயாலிசிஸ் முடிந்து வருகிறார்கள், முகம் வெளுத்திருந்தது. ஓட்டி வந்தவர் முனிரத்தினம் இல்லை, வெங்கடேசன்.

"மச்சானுக்கு மண்டியில லோடு ஏத்தற நாளுங்க. செவ்வாக்கெழம எம் முறை" என்றார்.

அந்த அம்மாவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தன் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை அவர்.

"மாப்ள இப்பல்லாம் மெதுவாத்தான் ஓட்டறாரும்மா. முன்ன இப்படி இல்ல, பறப்பாரு."

வெங்கடேசன் அதற்குச் சிரிக்கவில்லை. காற்று பிடித்து முடிந்ததும், மாமியாரின் பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.